புயலுக்கு முன்பே தொடங்கிய பாட்டு

ஆண்டவரை நம்புகிறவனுக்கு ஏன் பயம் வருகிறது? நாளைக்கு ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர் இதைக் கேட்பார். வேலை போன தகப்பனும் கேட்பார். கேட்கும்போதே, தன் விசுவாசத்தில் ஏதோ குறை என்கிற குற்ற உணர்வு குரலில் தெரியும். ஒரு கப்பலிலிருந்து தொடங்குகிறேன்.

1735 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் புறப்பட்ட 'சிம்மண்ட்ஸ்' கப்பலில் ஜான் வெஸ்லி இருந்தார். மெதடிஸ்ட் இயக்கம் பிறக்கக் காரணமானவர். அப்போது அவருக்கு வயது 32. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த குருவானவர்; உபவாசம், ஜெபம், வேதவாசிப்பு எதிலும் குறை வைக்காதவர். அதே கப்பலில் ஜெர்மன் மொழி பேசும் மொராவியர் என்ற கிறிஸ்தவ சபையார் 26 பேர் குடும்பம் குடும்பமாகப் பயணம் செய்தார்கள். அவர்களோடு பேசுவதற்காகவே வெஸ்லி ஜெர்மன் கற்கத் தொடங்கினார்.

நடுக்கடலில் புயல்மேல் புயல். 1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை, மொராவியர் ஆராதனையைத் தொடங்கிச் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். கடல் எழும்பிக் கப்பல்மேல் விழுந்தது. பெரிய பாய் துண்டு துண்டாகக் கிழிந்தது. கீழ்த்தளம்வரை தண்ணீர் கொட்டியது. ஆங்கிலேயர் பக்கமிருந்து பயங்கரமான அலறல். மொராவியர் பாட்டை நிறுத்தவில்லை. பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களும் குழந்தைகளும்கூடவா? அவர்களுக்கும் சாவைப் பற்றிப் பயமில்லை என்று பதில் வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிற பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு முன்னால் நடந்தது. கப்பலில் யாரும் செய்யக் கூசும் வேலைகளை இந்த மொராவியர் மற்றவர்களுக்காகக் கூலி வாங்காமல் செய்துவந்தார்கள். யாராவது பிடித்துத் தள்ளினாலும் அடித்தாலும் எழுந்து பேசாமல் போய்விடுவார்கள். வெஸ்லி இதையெல்லாம் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பெருமையையும் கோபத்தையும் விட்டவர்கள் பயத்தையும் விட்டிருக்கிறார்களா என்று பார்க்கப் புயல் ஒரு சந்தர்ப்பம் என்றே நினைத்தார். அவர்களுடைய சபையின் வேர்களில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி மொராவியாவை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் இருந்தன. 1722இல் சாக்சனியில், சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை உண்டாக்கினார்கள். 1727இல் ஆளுக்கொரு மணிநேரம் என்று இரவும் பகலும் முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்த ஜெபம் நூறு வருஷத்துக்கும் மேல் ஓயவில்லை. ஆக, அந்தப் பாட்டு புயலைப் பார்த்துத் தொடங்கியதல்ல. தினம் பாடுகிற வேளையில் புயல் குறுக்கே வந்தது, அவ்வளவுதான். நெருக்கடி வரட்டும், அப்போது தைரியம் கேட்டுக்கொள்ளலாம் என்று நாம் இருந்துவிடுகிறோம். கேட்டால் ஆண்டவர் தரமாட்டார் என்று சொல்லவில்லை, தருவார். ஆனால் பெரும்பாலும் அதைச் சாதாரண நாட்களில், சேர்ந்து ஜெபிக்கிற மனிதர்கள் வழியாகச் சிறுகச் சிறுகத் தருகிறார் என்றே நான் நம்புகிறேன்.

சரி, வெஸ்லி? அவர் பயந்தார். சாக மனமில்லையே, அப்படியானால் எனக்கு விசுவாசம் எங்கே என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து ஜார்ஜியாவிலிருந்து மனமுடைந்து திரும்பும் கப்பலிலும் அதே கேள்விதான். ஆபத்து தூரத்தில் இருக்கும்வரை நன்றாகப் பேசுகிறேன், மரணம் எதிரே வந்து நின்றால் கலங்கிவிடுகிறேன் என்ற பொருளில் ஒளிக்காமல் எழுதினார்.

பயந்தவரை, "உனக்கு விசுவாசம் போதாது" என்று அதட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. அதை ஊழியம் என்று சொல்லாதீர்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசு வியாகுலப்பட்டார். மரணத்துக்கு ஏதுவான துக்கம் என்று சீஷர்களிடமே சொன்னார். பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் பக்கத்தில் விழித்திருக்கச் சொன்னார். இந்தப் பாத்திரம் நீங்கினால் நல்லது என்று பிதாவிடம் கேட்டார். கேட்டுவிட்டு, உம்முடைய சித்தம் என்று ஒப்புக்கொடுத்தார். நடுக்கத்தை மறைக்கவில்லை, தனியாகச் சுமக்கவும் இல்லை. அவரே துணை தேடியிருக்கும்போது, ராத்திரி தூக்கம் வராமல் நெஞ்சு படபடக்கிறவர் போதகரிடமோ சிநேகிதரிடமோ வாய்விட்டுச் சொல்வதில் வெட்கம் என்ன? பயம் நோயாகவே பிடித்துக்கொண்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் அவிசுவாசம் ஆகாது. மருந்தும் ஜெபமும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

வெஸ்லிக்கு மாற்றம் மெல்லத்தான் வந்தது. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில், கிறிஸ்து தன்னையும் மீட்டிருக்கிறார் என்ற நிச்சயம் அவருக்குள் பிறந்தது. அதற்குப் பிறகும் சோதனையும் சந்தேகமும் வந்தன, அவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். 1743 அக்டோபரில் வெட்னஸ்பரி என்ற ஊரில் ஒரு கும்பல் அவரைப் பிடித்து மணிக்கணக்கில் தெருத்தெருவாக இழுத்துப்போனது. அடித்தார்கள், கொல்லச் சொல்லிக் கத்தினார்கள். தன் படிப்பறையில் உட்கார்ந்திருப்பதுபோல மனம் கலங்காமல் இருந்ததாக அவர் எழுதுகிறார். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்ற குத்துச்சண்டைக்காரனே கடைசியில் அவர் பக்கம் திரும்பி, அவரைக் காப்பாற்றி வெளியே கொண்டுபோனான். வெஸ்லி அதற்குப் பிறகும் பலமுறை அந்த ஊருக்குப் போய்ப் பிரசங்கம் செய்தார்.