கதகதப்பும் வேண்டும், காற்றும் வேண்டும்

மாட்டுப்பட்டி இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மூணாறுக்குப் பக்கத்து ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்து லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்த மலைப்பகுதியில் கடுங்குளிர். சில நாள் விடியற்காலையில் புல்லின்மேல் பனி உறைந்து கிடக்கும்.

நாம் கம்பளி போர்த்திக்கொள்கிறோம். பச்சைக் குழந்தை என்ன செய்யும்?

குழந்தைக்கு ஏன் அதிகம் குளிர்கிறது?

குழந்தையின் உடல் சிறியது. தோல் மெல்லியது. உடம்பில் கொழுப்பு குறைவு. அதனால் உடல் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாக இருந்த குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். உடல் குளிர்ந்துபோனால் குழந்தை பால் குடிக்காது. துவண்டுவிடும். உயிரே போகலாம்.

கம்பளி போர்த்தினால் போதாதா?

குழந்தை காலை உதைக்கும். கம்பளி விலகிவிடும். அல்லது முகத்தின்மேல் ஏறிவிடும். அதை விலக்கக் குழந்தைக்குத் தெரியாது. மூச்சு முட்டும். ஆகவே, சூடும் வேண்டும். மூச்சுவிடக் காற்றும் வேண்டும்.

இதற்காக வந்ததுதான் தூக்கப் பை. இது கை இல்லாத சட்டை போல இருக்கும். கீழ்ப்பக்கம் பை போல மூடியிருக்கும். உதைத்தாலும் விலகாது.

வாங்கும்போதும் தைக்கும்போதும் கவனியுங்கள்

• கழுத்தளவு சரியாக இருக்க வேண்டும். குழந்தையின் தலை பைக்குள் நழுவக் கூடாது. வளரும் என்று பெரிதாக வாங்காதீர்கள்.
• தலையை மூடும் பகுதி வேண்டாம்.
• கைகள் வெளியே இருக்க வேண்டும்.
• கீழே அகலமாக இருக்க வேண்டும். குழந்தை காலை மடக்கி உதைக்க இடம் வேண்டும்.
• நாடா, கயிறு, தளர்ந்த பொத்தான் கூடாது.
• உடம்பில் படும் துணி பருத்தியாக இருக்கட்டும்.

பையில் படுக்க வைத்தபின் மேலே கம்பளி போடாதீர்கள். எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் சூடு அதிகம். ஓர் உடுப்பைக் கழற்றுங்கள்.

எடை குறைந்த குழந்தைக்கு?

அந்தக் குழந்தைக்குப் பை போதாது. தாயின் மார்புதான் சிறந்த இடம். 1978-ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளைச் சூடாக வைக்கும் கருவிகள் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பது போன்ற முறை இது. அதனால் 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் இதைச் செய்யச் சொல்கிறது.

எப்படிச் செய்வது? குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போதும். தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கட்டும். மூக்கை எதுவும் மூடக் கூடாது. ஒரு துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டுங்கள். தாய் சாய்ந்து உட்காரலாம். தாய் களைத்தால் தந்தையும் செய்யலாம். முதல் முறை செவிலியரிடம் கேட்டுப் பழகுங்கள்.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்

குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே வீட்டில் உள்ள எல்லோரையும் கொன்றுவிடும்.

தொட்டுப் பாருங்கள்

குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் சூடாக இருந்தால் நல்லது. பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. உடனே மார்போடு அணையுங்கள், பால் கொடுங்கள். வயிறும் குளிர்ந்திருந்தால் ஆபத்து. பால் குடிக்காமல் துவண்டிருந்தாலும் ஆபத்து. காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மருத்துவமனை சேரும்வரை குழந்தை மார்பிலேயே இருக்கட்டும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் குழந்தையைக் குளிரிலிருந்து எப்படிக் காக்கிறீர்கள்?
2. தூக்கப் பையின் மேல் ஏன் கம்பளி போடக் கூடாது?
3. உங்கள் பகுதியில் கரி அடுப்பு மூட்டித் தூங்குகிறவர்களிடம் என்ன சொல்வீர்கள்?