கரிய தோலும் லேசர் சிகிச்சையும்: யாருக்கான மருத்துவம்?

‘லேசர் முகப்பொலிவு’ விளம்பரங்கள் இன்று வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளியின் கைபேசியிலும் வந்து நிற்கின்றன. அவை விற்பது பெரும்பாலும் வெண்மை. பிறவி நிறத்தை நிலையாக மாற்றும் லேசர் எதுவும் இல்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆயினும் அந்தக் கருவி வீணானதன்று. அதன் பயன் வேறிடத்தில் உள்ளது.

10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசர் ஒளியைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. அவ்வெப்பத்தில் மேல்தோல் ஆவியாகிறது. முன்பு முகம் முழுவதையும் ஒரே சீராகச் சுரண்டினர். புண் ஆற வாரக்கணக்காயிற்று. 2004இல் அறிமுகமான பகுதிமுறை லேசர், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை மட்டும் இட்டு, இடையிலுள்ள நல்ல தோலை விட்டுவைக்கிறது. அந்த நல்ல தோலிலிருந்தே புண் விரைவில் ஆறுகிறது. தீக்காயம், அமில வீச்சு ஆகியவற்றால் இறுகிய தழும்பை இம்முறை இளக்குகிறது. கழுத்தும் விரலும் அசைய உதவுகிறது. தழும்பை அடியோடு அழிப்பதில்லை.

நம் தோலுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல்வகைப்பாடு 1975இல் வெள்ளைத் தோலுக்காகவே வகுக்கப்பட்டது; பழுப்பும் கறுப்பும் பின்னரே சேர்க்கப்பட்டன. வெப்பத்தால் ஏற்படும் அழற்சி கரிய தோலில் நிறமியைத் தூண்டி, சிகிச்சை பெற்ற இடத்தையே மேலும் கறுக்கச் செய்துவிடக்கூடும். அதனால் துளைகளின் அடர்த்தியைக் குறைத்து, அமர்வுகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும். சிகிச்சைக்குப்பின் பல வாரங்கள் வெயில் படக்கூடாது.

வெயில் படக்கூடாது! பாத்தியில் உப்பு வாருபவருக்கும், பாம்பன் கடலில் பாசி எடுக்கும் பெண்ணுக்கும் இதன் பொருள், அத்தனை வாரமும் கூலி இல்லை என்பதே. மருத்துவக் குறிப்பில் ஒரு வரியாக வரும் இந்த அறிவுரை, நிழலில் அமர்ந்து உண்ண வசதியுள்ளவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

சாதி வன்கொடுமையில் அமிலம் வீசப்பட்டவருக்கு 2016இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகள், காயத்தின் அளவுக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை நிவாரணம் வகுத்துள்ளன. இத்தொகைக்கு மேலாக, சிகிச்சையின் முழுப்பொறுப்பையும் மாநில அரசே ஏற்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. அறுவை முடிந்து தையல் பிரித்ததோடு சிகிச்சை முடிந்ததாகக் கோப்பை மூடுவதை நாம் ஏற்க இயலாது. தழும்பு இறுகுவது அதன் பிறகுதான். லேசர் அமர்வுகளும், வெயிலுக்கு ஒதுங்கும் வாரங்களின் கூலியிழப்பும் ‘முழுப்பொறுப்பு’ என்ற சொல்லுக்குள் அடங்கியாக வேண்டும்.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. தழும்புக்கான லேசர் சிகிச்சை அங்கேயே, கரிய தோலில் பயிற்சி பெற்ற மருத்துவர் கையால் கிடைக்க வேண்டும். அதுவரை வெளியூர் சென்று சிகிச்சை பெறுவோர் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துக: மருந்துக்கும் சிறப்பு மருத்துவ ஆலோசனைக்கும் ஆன செலவை மாவட்ட நிர்வாகம் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டு விதிகளின் 11ஆம் விதி. ஆட்சியருக்கு அளிக்கும் மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடுக.