உவர்நீர்த் தொட்டியில் பேத்தை மீன்
கழிமுகங்களில் வலைப்படும் பேத்தை மீனைக் கரையோரத்தார் நன்கறிவர். அச்சமுற்றால் நீரை விழுங்கிப் பந்துபோல் உப்புவது இதன் இயல்பு. இவ்வினத்துப் புள்ளிப் பேத்தையைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோர் சிலர் அதனைக் கிணற்று ஜலத்தில் விடுகின்றனர். இளமையில் நன்னீரைச் சகிக்குமாதலால் தீங்கு உடனே புலப்படுவதில்லை. நாளடைவில் நோயுற்று மடியும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புண்டு. இம்மீனுக்கு 7 முதல் 14 கிராம் போதுமானது. சமையலுப்பு உதவாது, மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்பே வேண்டும்.

உப்பைக் கவனிப்போரும் பல்லை மறந்துவிடுகின்றனர். மேலிரண்டும் கீழிரண்டுமாகிய பற்கள் கிளியலகு போன்று அமைந்து ஆயுள் முழுதும் வளர்வன. ஓடுள்ள இரையைக் கடித்துத் தேயாவிடில் வாய் அடைபட்டு, உணவு எதிரே கிடக்கவும் பட்டினியால் இறக்கும். ஆகவே சிறு நத்தைகளை அடிக்கடி இடுதல் அவசியம். வாய்க்கால் நத்தை எளிதிற் கிடைப்பதே. எனினும் பூச்சிமருந்து தெளித்த வயலினின்று எடுக்கலாகாது. தின்னாது எஞ்சிய நத்தை உவர்நீரில் செத்து ஜலத்தைக் கெடுக்குமாதலின் அப்போதைக்கப்போது அகற்றுக. வேறு மீன்களை உடன் விடுவது வீண் செலவு; அவற்றின் துடுப்புகளைக் கடித்துவிடும்.

இடம் மாற்றுங்கால் வலையால் தூக்காமல் கிண்ணத்தில் நீரோடு முகந்தெடுக்க வேண்டும். வெளியே காற்றை விழுங்கினால் அதனைக் கக்க இயலாமல் மாள்வதுண்டு.

இவ்வினத்தின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் நீங்காது. செத்த மீனைக் கோழியும் பூனையும் கிளறாதபடி ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுக.