மண்ணீரலின் ரிசர்வ் டேங்க்

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் மண்ணீரலுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான்: அளவு இயல்பு. வீங்கியிருந்தால்தான் டாக்டர் அதைக் கவனிப்பார். ஆனால் அந்த அளவு ஒரே ஆளுக்கு, ஒரே நாளில் மாறக்கூடியது. ஓடினாலும் மூச்சை அடக்கினாலும் மண்ணீரல் சுருங்கி, தன்னிடம் தேங்கியிருக்கும் சிவப்பணுக்களை ரத்த ஓட்டத்தில் தள்ளிவிடும். பெட்ரோல் தீரும்போது பைக்கை ரிசர்வில் போடுகிறோமே, அதுபோல.

விலங்குகளிடம் இதை 1920களிலேயே கேம்பிரிட்ஜின் ஜோசப் பார்கிராப்ட் காட்டிவிட்டார். மனிதரிடம் காண்பதுதான் பெரும்பாடு. பிணத்தை அறுத்தால் உறுப்பு தெரியும், அது சுருங்கி விரிவது தெரியாது. உயிருள்ள ஒருவரின் விலாவுக்குள் ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல் அடுத்தடுத்து எட்டிப்பார்க்க அல்ட்ராசவுண்டு வேண்டியிருந்தது.

கொரியாவின் ஹேன்யோ பெண்கள் சிலிண்டர் இல்லாமல் கடலில் முங்கி, சிப்பியும் நத்தையும் எடுப்பவர்கள். அவர்களில் 10 பேரை ஆராய்ந்த வில்லியம் ஹர்ஃபோர்டு குழுவின் கட்டுரை 1990இல் வந்தது. சுமார் 6 மீட்டர் ஆழத்துக்குப் பலமுறை முங்கி எழுந்தபின், மண்ணீரலின் கன அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 சதவீதத்தை ஒட்டிக் கூடியிருந்தது. மூச்சடக்கிப் பழகாத 3 ஜப்பானிய ஆண்களிடம் மண்ணீரலின் அளவு மாறவில்லை; ஹீமோகுளோபின் சிறிதளவே கூடியது.

பதின்மூன்று பேர் சிறிய கூட்டம்தான். ஆனாலும் இந்த இரட்டைக் கணக்கே என்னை நம்பவைக்கிறது. ஏனென்றால் ஸ்கேன் ரத்தத்தை அளப்பதில்லை. அது தருவது உருவத்தின் நீளம், அகலம், தடிமன். அவற்றிலிருந்து கன அளவைக் கணக்கிடுகிறார்கள். குறைந்த கன அளவு ரத்தமாகத்தான் வெளியேறியது என்பதற்கு ரத்தப் பரிசோதனைதான் சாட்சி. பிறகு ஸ்வீடனின் எரிகா ஷகடாய் குழு, மண்ணீரலை அகற்றிக்கொண்டவர்களையும் மூச்சடக்கச் சொல்லிப் பார்த்தது. அவர்களுக்கு ரத்தத்தில் அந்த ஏற்றம் இல்லை. வழக்கு அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

இந்த ஸ்கேனை எடுப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். மண்ணீரல் இடப்பக்கக் கீழ் விலாக்களுக்குள் ஒளிந்திருக்கிறது. மூச்சை ஆழமாக இழுத்தால் நுரையீரல் இறங்கி மறைத்துவிடும். காற்றைத் தாண்டி அல்ட்ராசவுண்டின் ஒலி போகாது. முங்கி எழுந்தபின் தாமதித்தால் சில நிமிடங்களிலேயே உறுப்பு மறுபடி நிரம்பத் தொடங்கிவிடும்.

2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மெலிசா இலார்டோ குழு இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கையடக்க ஸ்கேன் கருவியோடு போயிருந்தது. கடலோடிகளான பஜாவ் மக்களின் மண்ணீரல், அருகில் வாழும் சலுவான் மக்களுடையதைவிட ஏறத்தாழ 50 சதவீதம் பெரிது. கடலில் முங்காத பஜாவ்களுக்கும் அப்படியே. ஆகவே இது பழக்கத்தால் மட்டும் வளர்ந்ததல்ல; மரபணுவின் கையும் இதில் இருக்கிறது என்றார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் அங்கே அளந்தது ஓய்வில் இருக்கும் மண்ணீரலின் அளவை. முங்கும்போது அது எவ்வளவு சுருங்குகிறது என்பது வேறு கணக்கு. அதற்குக் கடலிலிருந்து ஏறியவர் உடம்பு துவட்டும் முன்பே ஸ்கேன் வைத்தாக வேண்டும்.