வளையத்தடியில் நிற்பவள்

வலைப்பந்தாட்டத்தில் ஒரு பிள்ளை களத்தில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதை அவள் சட்டைமேல் தொங்கும் எழுத்துத்தான் தீர்மானிக்கிறது. ‘சீ’ மாட்டிக்கொண்டவள் இரண்டு கோல் வட்டங்களையும் தவிர்த்து எங்கும் ஓடலாம். ‘ஜீ.ஏ.’ மாட்டியவளுக்குக் களத்தின் மூன்றில் இரண்டு பங்கு. ‘ஜீ.எஸ்.’ மாட்டியவளுக்கோ, தன் அணி கோல் போடும் பக்கத்து மூன்றிலொரு பங்கு மட்டும்தான். 30.5 மீற்றர் நீளக் களத்தில் பத்து மீற்றர் சொச்சம். அதற்குள்ளேயே அவளுடைய ஆட்டம் தொடங்கி முடிகிறது. ஆனால், கோல் போடும் உரிமை அணியில் இரண்டே பேருக்குத்தான் உண்டு. அதில் ஒருத்தி இவள்; மற்றவள் ஜீ.ஏ.

மட்டக்களப்பில் நாவற்குடா, நொச்சிமுனை, கல்லடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில், பெண் பிள்ளைகள் படிக்கிற பாடசாலை எதற்குள் போனாலும் இரும்புக் குழாயில் வளையம் ஒட்டிய இரண்டு கம்பங்களைக் காணலாம். பல இடங்களில் வலை இருக்காது. கோடுகள் சுண்ணாம்புத் தூளில் போட்டவை. காற்று அடித்தால் மறுநாள் திரும்பப் போடவேண்டும். பெருவிளையாட்டுப் போட்டிக் காலம் நெருங்கியதும் அணிக்கு ஆள் பிடிப்பார்கள். முதலில் தேடுவது ஜீ.எஸ்.ஸைத்தான். வகுப்பு வகுப்பாகப் போய், வளத்தியான பிள்ளை யார் என்று பார்ப்பார்கள். பின்வாங்கில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி எழும்பி நிற்பாள். அவளுக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா என்பது அடுத்த கேள்வி.

இந்தத் தேடல் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜீ.எஸ். என்ற இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கத்தில் உயரத்துக்கு இடமே இல்லை.

விளையாட்டுகளில் ஓர் இடத்தின் வேலை மாறுவது பெரும்பாலும் விதி மாறுவதால்தான். அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்பவர் இன்று முழு ஆட்டத்தின் மூளை. தொடக்க காலத்தில் அவருடைய வேலை பின்னால் வரும் பந்தை வாங்கி, ஓடுபவன் கையில் கொடுப்பதுதான். 1906 இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தது. கொடுப்பவராக இருந்தவர் எறிபவரானார். அணியில் மற்றவர்களின் வேலையும் அவரைச் சுற்றி மாறியது. வலைப்பந்தாட்டத்து ஜீ.எஸ்.ஸின் கதை இதற்கு நேர்மாறு. அவளைச் சுற்றியுள்ள கோடுகள் அறுபது வருடங்களுக்கு மேலாக அசையவில்லை. அந்தக் கோட்டுக்குள் வந்து நின்ற பெண்கள்தான் அந்த இடத்தை மாற்றினார்கள்.

கோடு வந்த கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதன் ஒரு நுனி மட்டக்களப்பைத் தொடுகிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே சுமித் கல்லூரியில் செண்டா பெரன்சன் அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெண்கள் அதிகம் ஓடிக் களைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து நினைப்பு. களத்தை மூன்றாகப் பிரித்து, தன் பங்கை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்று வைத்தார். தெற்கே நியூ ஓர்லியன்ஸ் நகரத்து நியூகொம் கல்லூரியில் கிளாரா பேயர் என்ற உடற்பயிற்சி ஆசிரியைக்கும் இந்த ஆட்டத்தில் ஆசை. நைஸ்மித்திடம் விதிகளைக் கேட்டு வாங்கினார். ஆட்டக்காரர் எந்தெந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்வது நல்லது என்று காட்டுவதற்காக அதில் கோடு போட்டிருந்ததாகவும், அதைத் தாண்டக்கூடாத எல்லை என்று பேயர் எடுத்துக்கொண்டதாகவும் இந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1895 இல் பெண்களுக்கான விதிகளை அவர் அச்சிட்டார். இந்த ஆட்டம் 1893 இலேயே இலண்டனில் ஓஸ்டர்பெர்க் அம்மையாரின் உடற்பயிற்சிக் கல்லூரிக்குப் போயிருந்தது. அங்கே கூடை போய் வளையம் வந்தது, களம் மூன்றாகியது. 1901 இல் விதிப் புத்தகம் அச்சானது. அங்கே பயின்ற ஆசிரியைகள் வழியாகப் பிரித்தானியக் கொடி பறந்த நாடுகளுக்கெல்லாம், இலங்கைக்கும், அது வந்து சேர்ந்தது.

இனி மட்டக்களப்பு. புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர்கள் அமெரிக்க இயேசு சபைக் குருமார். அவர்கள் வந்தது அதே நியூ ஓர்லியன்ஸ் நகரத்தின் பெயர் கொண்ட இயேசு சபை மாகாணத்திலிருந்து. வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அருட்தந்தை ஹரல்ட் வெபர் அவர்களில் ஒருவர். பயிற்றுநராகப் பேர் பெற்ற அருட்தந்தை யூஜின் ஹீபர்ட் இன்னொருவர். 1990 ஓகஸ்டில் வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனவர். இன்றுவரை அவருக்கு என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியாது. ஆக, ஆண் பிள்ளைகளின் பந்து நேரே நியூ ஓர்லியன்ஸிலிருந்து இங்கே வந்தது. பெண் பிள்ளைகளின் ஆட்டம் இலண்டனைச் சுற்றி வந்தது. அந்த ஆட்டத்தில் பிள்ளையைக் கோட்டுக்குள் நிறுத்திய எண்ணத்துக்கு நியூ ஓர்லியன்ஸும் ஓர் ஊற்று. ஒரே நகரத்தின் இரண்டு சரடுகள் இந்த வாவிக் கரையில் சந்தித்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தொடக்கத்தில் நாட்டுக்கு நாடு விதி வேறு. நியூசிலாந்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர், பங்குக்கு மூவர். 1960 இல் கொழும்பில் கூடித்தான் சர்வதேச சம்மேளனத்தை அமைத்து, அணிக்கு எழுவர் என்ற விதியைப் பொதுவாக்கினார்கள். இன்று உலகம் முழுக்க ஜீ.எஸ். மாட்டிக்கொள்ளும் பெண்ணின் எல்லை எங்கள் நாட்டில் நடந்த கூட்டத்தில் உறுதியானது. 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தபோது இலங்கையும் ஆடியது.

எழுவர் ஆட்டத்தின் முதல் தலைமுறை ஜீ.எஸ். ஓடித் திரிபவள். கோல் வட்டத்தின் ஆரை 4.9 மீற்றர், அதற்குள்ளே இரண்டு கோல் போடுபவர்கள், எதிரில் இரண்டு தடுப்பவர்கள். ஜீ.எஸ்.ஸும் ஜீ.ஏ.யும் இடம் மாறி மாறி ஓடி, தடுப்பவளைக் குழப்பி, வெட்டித் திரும்பி, வெற்றிடத்தில் பந்தை வாங்கினார்கள். எங்கிருந்தாலும் எறியத் தெரியவேண்டும், தூரத்திலிருந்தும். கால் வேகமும் கண் அளவும்தான் தகுதி. நடுத்தர உயரப் பிள்ளைகள் பெயரெடுத்த காலம் அது.

பிறகு இந்த விதிகளுக்குள்ளேயே ஒரு கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பந்து வைத்திருப்பவளைத் தடுப்பவள் 0.9 மீற்றர் தள்ளித்தான் நிற்கவேண்டும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பின்பலகை கிடையாது. கம்பத்துக்கு அருகில் பந்து கைக்கு வந்துவிட்டால், தள்ளி நிற்பவளால் செய்யக்கூடியது குறைவு. அப்படியானால் ஓடுவானேன்? கம்பத்தடியில் நின்று, முதுகாலும் இடுப்பாலும் தடுப்பவளை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்து, மறுபக்கத்தில் தனக்கு மட்டும் எட்டும் உயரத்தில் பந்தைக் கேட்டு வாங்கினால் போதும். தென்னாபிரிக்காவில் ஆடி, 2000 இல் நியூசிலாந்துக்குப் போன ஐரீன் வான் டைக் 1.90 மீற்றர் உயரம். 2003 இல் நியூசிலாந்து உலகக் கிண்ணம் எடுத்தபோது அவர்தான் வளையத்தடியில். அவருக்குப் பின் யமேக்காவின் ரொமெல்டா ஏக்கன், ஜனீல் ஃபௌலர் என்று இன்னும் உயரமானவர்கள் அவுஸ்திரேலிய லீக்கையே ஆட்டிவைத்தார்கள்.

அந்த வரிசையில் எல்லாரையும் விட உயரமானவர் எங்கள் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் பிறந்தவர், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2.08 மீற்றர். கணக்குப் பார்த்தால், நின்றபடி கையை உயர்த்தினால் அவர் விரலுக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு சாணுக்குச் சற்று மேல்தான் இருக்கும். 2009, 2018, 2022 என்று மூன்று முறை இலங்கை ஆசியக் கிண்ணம் எடுத்தபோது அணியில் இருந்தார். 2011 உலகப் போட்டியில் சிறந்த கோல் போடுபவர் விருது அவருக்கு. மெல்பேர்னில் சிற்றி வெஸ்ற் ஃபோல்கன்ஸ் அணிக்கும் ஆடினார். போர்க்காலத்தில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், உயரத்துக்காக ஊர் திரும்பிப் பார்த்துச் சிரித்த ஒரு பெண், அந்த உயரத்தோடேயே நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கியதை நான் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் அவரை உயரம் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது அநியாயம். அவர் ஆடும் காணொளி ஒன்றை எடுத்து, கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். பந்து வரும்போது கை ஏற்கெனவே மேலே இருக்கும். பிடித்த பந்தை நெஞ்சுக்கு இறக்கமாட்டார். இறக்கினால் கட்டையான தடுப்புக்காரிக்கும் அது எட்டிவிடும். பிடித்த உயரத்திலேயே வைத்து, முழங்காலை மட்டும் மெல்ல மடக்கி, மணிக்கட்டால் பின்சுழல் கொடுத்து விடுவார். எல்லாம் மூன்று விநாடிக்குள். அதற்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்க விதி விடாது. இத்தனைக்கும் இடையில் இரண்டு பேர் தோளில் சாய்ந்துகொண்டிருப்பார்கள். தள்ளாமல், தள்ளுப்படாமல் நிற்பது பல வருடப் பயிற்சி.

நாவற்குடா மைதானங்களில் நம் பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். பின்னேரப் பயிற்சியில் பந்து வந்ததும் பிள்ளை அதை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறாள். “புள்ள, பந்த எறக்காதகா!” என்று டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறார். ‘கா’ போட்டுக் கூப்பிடும்போது அதில் அதட்டலும் இருக்கும், வாஞ்சையும் இருக்கும். கடல் மணல் கலந்த தரை வேறு. அதில் துள்ளி எழும்ப முடியாது, வெட்டித் திரும்பினால் கால் புதையும். அதனால் நின்று ஆடும் ஜீ.எஸ். இந்தத் தரைக்கு இயல்பாகவே பொருந்திப்போனாள். மாகாண மட்டத்துக்குப் போய்ச் சீமெந்துக் களத்தில் இறங்கும்போதுதான் வினை. அங்கே ஜீ.எஸ்.ஸைத் தடுக்கும் எதிரணி ஜீ.கே. முன்னால் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுகிறாள். நின்று பழகியவளுக்கு ஓடி வாங்கத் தெரியவில்லை.

நின்று ஆடும் ஜீ.எஸ். வந்ததும் அவளுக்குப் பந்து கொடுப்பவர்களின் வேலையும் மாறியது. முன்பு, வட்டத்துக்கு வெளியே நின்று பந்து கொடுக்கும் டபிள்யூ.ஏ. நேர்கோட்டில் விரைவாக எறிந்தால் போதும். இப்போது தடுப்பவளின் விரல் நுனிக்கு மேலாக வளைந்துபோய், ஜீ.எஸ்.ஸின் கைக்குள் விழும் பந்து வேண்டும். ஒரு சாண் நீண்டால் கோட்டுக்கு வெளியே, ஒரு சாண் குறைந்தால் எதிரியின் கையில். தர்ஜினி போட்ட கோல்களுக்குப் பின்னால் இப்படிக் கொடுத்தவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் பெரிதாக வருவதில்லை. எனக்கு இது உறுத்தும் விஷயம். எங்கள் பாடசாலைகளிலும் ஜீ.எஸ்.ஸுக்குத் தனிப் பயிற்சி கொடுப்பார்கள். இந்த வளைபந்தை ஒரு மணித்தியாலம் எறிந்து பழகிய டபிள்யூ.ஏ.யை நான் அருமையாகத்தான் கண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் உலகம் இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. 2020 இல் அவுஸ்திரேலிய லீக்கில் ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி ஐந்து நிமிடத்திலும் வட்டத்தின் வெளி விளிம்புப் பகுதியிலிருந்து போடும் கோலுக்கு இரண்டு புள்ளி என்று கொண்டுவந்தார்கள். கம்பத்தடியில் குடியிருப்பவளுக்கு அதில் இலாபமில்லை. தூரத்திலிருந்து எறியும் பழைய கலைக்கு மறுபடி மதிப்பு வந்தது. சர்வதேச ஆட்டத்தில் இந்த விதி இல்லை. ஆனாலும் நின்றாடும் ஒருத்தி, ஓடியாடும் ஒருத்தி என இருவரையும் வைத்திருந்து, எதிரணியைப் பார்த்து மாற்றி இறக்கும் அணிகளே இன்று முன்னுக்கு நிற்கின்றன.

2023 இல் கேப் ரவுன் உலகக் கிண்ணத்தோடு தர்ஜினியின் காலம் முடிந்தது. 2024 இல் பெங்களூருவில் நடந்த ஆசியப் போட்டியில் கிண்ணம் சிங்கப்பூருக்குப் போனது. உயரத்தில் அவர்கள் எங்களுக்கு மேலில்லை. வேகமாகக் கைமாற்றி, இரண்டு பேருமாகக் கோல் போடும் ஆட்டத்தைப் பல வருடமாகப் பழகியவர்கள். தர்ஜினி இருந்தவரை நாங்கள் அவருக்குப் பந்து போகும் வழியைத்தான் பழகினோம். அவர் இல்லாத அணிக்கு வேறு வழி வேண்டும்.

இதை மாகாணத் திணைக்களத்தில் யோசிக்கட்டும் என்று விடமுடியாது. பதினாறு வயதுப் பிரிவுக்கு அணி கட்டும் டீச்சர்மாரின் கையில்தான் இருக்கிறது. வளத்தியான பிள்ளைக்கு முதல் ஒரு வருடமாவது ஜீ.ஏ. மாட்டிவிடுங்கள். ஓடட்டும், வெட்டித் திரும்பட்டும், தூரத்திலிருந்து எறிந்து தவறவிடட்டும். கட்டையான பிள்ளை நன்றாக எறிந்தால் அவளை ஜீ.எஸ். ஆக்கிப் பாருங்கள். டபிள்யூ.ஏ.க்கு ஒரு கம்பத்தில் கயிறு கட்டி, அதற்கு மேலால் பந்து கொடுக்கப் பழக்குங்கள். கோட்ட மட்டத்தில் இரண்டு ஆட்டம் தோற்றால் தோற்றதாக இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் இருபது வயதுப் பிரிவுக்கு வரும்போது, எந்த எழுத்தைக் கொடுத்தாலும் மாட்டிக்கொண்டு இறங்கக்கூடிய ஏழு பேர் உங்களிடம் இருப்பார்கள்.