வலி போகிறது, கூடவே வேறென்ன போகிறது?

தீராத வலிக்காக மோர்பின், மெதடோன், ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்துகளை மாதக்கணக்கில் பாவிப்பவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? வலி தணிந்தும் எந்நேரமும் சோர்ந்திருக்கிறாரா? தாம்பத்தியத்தில் நாட்டமின்றி ஒதுங்குகிறாரா? அன்பு குறைந்துவிட்டதென அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். காரணம் மருந்தாக இருக்கலாம்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளையிடுகிறது. அதன்படியே ஆணின் விதைகளும் பெண்ணின் சூலகங்களும் பாலியல் ஓமோன்களைச் சுரக்கின்றன. இம்மருந்துகள் வலியை அடக்குவதோடு, நாளடைவில் இக்கட்டளையையும் அடக்கிவிடக் கூடும். ஆண்களில் டெஸ்டோஸ்டெரோன் குறைகிறது. பெண்களில் மாதவிடாய் ஒழுங்கற்றுப் போகலாம், நின்றும் விடலாம். குழந்தைப்பேறு தடைப்படலாம், எலும்பும் பலமிழக்கலாம். அரிதாக, சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியும் பாதிக்கப்படும். வாந்தி, பசியின்மை, தலைச்சுற்று அதன் அடையாளங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் இவை பற்றி எச்சரித்தது.

அதற்காக மருந்தை இன்றே வீசிவிடாதீர்கள்! திடீரென நிறுத்துவது ஆபத்து. வைத்தியரிடம் விபரமாகச் சொல்லுங்கள். காலையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை ஓமோன் குறைவைக் காட்டும். அவரது மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால், பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். நிறுத்த முடியாதவர்களுக்கும் வேறு சிகிச்சைகள் உண்டு.

வெட்கம் நல்ல பண்புதான். ஆனால் வைத்தியரிடம் நோயை மறைப்பது வெட்கமல்ல. தனக்கும் துணைக்கும் செய்யும் அநீதி. கணவனும் மனைவியும் சேர்ந்தே சென்று கேளுங்கள்.