நகர்ப்புறக் கீரைத் தோட்டப் பெண்களும் தொலைவழிக் கல்வியும்

குறைந்த முதலில் விரைவில் பணம் தரும் பயிர்களில் கீரைக்கு நிகரானது எதுவும் இல்லை எனலாம். முளைக்கீரையை விதைத்த 25 நாட்களில் பிடுங்கிவிடலாம். கோ.3 என்னும் கிள்ளுக்கீரையில் 20ஆம் நாள் முதலே கிள்ளத் தொடங்கலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதையை மணலுடன் கலந்து பாத்தியில் தூவினால் போதும். எனவேதான், நகரங்களை ஒட்டிய தோட்டக்கால்களில் இப்பயிர் செழித்து வருகிறது. விதைப்பு, களையெடுப்பு, கட்டுக் கட்டுதல், சந்தை விற்பனை ஆகிய அனைத்தையும் பல இடங்களில் பெண்களே செய்து வருகின்றனர்.

ஆனால், அவர்கள் பயிரிடும் நிலம் பெரும்பாலும் அவர்களுடையது அன்று. "மனை போடும் வரை பயிர் வைத்துக்கொள்" என்று உரிமையாளர் வாய்மொழியாகக் குத்தகைக்கு விட்ட நிலமாக அது இருக்கும். குடும்பச் சொத்தாக இருந்தாலும் பட்டா கணவர் அல்லது மாமனார் பெயரில் இருப்பதே வழக்கம். 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில் 100க்கு ஏறத்தாழ 14 மட்டுமே பெண்கள் பெயரில் உள்ளன. வயல் வேலையில் பெண்களின் பங்கு 14 தானா என்பதை உழவர் பெருமக்களே தம் வயலைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நிலமற்ற குத்தகையாளரும் உழவரே என்று 2007ஆம் ஆண்டின் தேசிய உழவர் கொள்கை கூறுகிறது. நடைமுறையில் அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது சிட்டாவும் அடங்கலும்தான். 2019 முதல் வழங்கப்பட்டு வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மத்திய அரசு உதவியும் நிலம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே உரியது. பெயர் ஏட்டில் இல்லையெனில் பயிற்சிக்கு அழைக்கப்படும் உழவர் பட்டியலிலும் இடம்பெறுவது கடினம்.

பாடம் எட்டாததால் விளையும் தீங்கு

கீரையில் இலை தின்னும் புழு கண்டதும் அப்பெண் யாரிடம் யோசனை கேட்கிறார்? பூச்சிமருந்துக் கடைக்காரரிடம். அவர் எடுத்துக் கொடுக்கும் மருந்தை அன்று மாலை தெளித்து, மூன்றாம் நாள் பறித்துச் சந்தைக்குக் கொண்டு சென்றால் நஞ்சு நேரே உண்பவர் தட்டுக்குப் போய்ச் சேரும். தெளிக்கும் பெண்ணின் உடலுக்கும் அது கேடு. இதற்கு மாற்று எளியது. 500 கிராம் வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுவதும் நீரில் ஊற வைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். இதுவே 5 சத வேப்பங்கொட்டைச் சாறு. இதைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் கூட ஆகாது. அந்த மூன்று நிமிடம்தான் அவரைச் சென்றடையவில்லை.

தொலைவழிப் பயிற்சிகள் இக்குறையைப் போக்கும் என எதிர்பார்க்கிறோம். எனினும் அச்சுப் பாடம் சரளமாகப் படிப்பவர்க்கே பயன்படும். நேர்முக வகுப்பு காலை பத்து மணிக்குத் தொடங்கும். விடியுமுன் கீரைக் கட்டுடன் சந்தைக்குப் போனவர் அப்போதுதான் வீடு திரும்பி உலை வைப்பார். கைப்பேசி வழிப் பாடம் என்றால், வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆர்வம் குறைவு என்று நாம் எழுதி வைக்கும் இடங்களில் பலவற்றில் உண்மைக் காரணம் இவைதான் என்பது என் கருத்து.

குரல் வழிப் பாடம்

எழுத்தைவிடக் குரல் விரைவில் பரவும் என்பதற்குத் தஞ்சை மாவட்டமே சான்று. 1960களில் ஆடுதுறை 27 நெல் வானொலி வழியே பரவியதால், 'ரேடியோ நெல்' என்றே உழவர்கள் அதை அழைத்தனர். தேனி மாவட்டத்தில் 2009ஆம் ஆண்டையொட்டி, 'விடியல்' என்னும் தன்னார்வ நிறுவனமும் 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்' நிறுவனமும் சேர்ந்து, ஆடு வளர்க்கும் பெண்களுக்குக் கைப்பேசியில் குரல் செய்திகளாகப் பாடம் நடத்தின. ஆடு வாங்கிய வங்கிக் கடனிலேயே கைப்பேசியும் அடங்கியிருந்தது. கருவி பெண்ணின் கையிலேயே இருந்ததால், வேலைக்கிடையே அவர் பாடம் கேட்க முடிந்தது. பாடத்தின் தரத்தைப் போலவே இதுவும் இன்றியமையாதது.

செய்யக் கூடியவை

நிலம் குத்தகைக்கு விடுவோர் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து தர அஞ்ச வேண்டியதில்லை. காலத்தையும் தொகையையும் தெளிவாக எழுதிக் கொள்வது இருவருக்கும் காப்பாகும். எழுத்து கிடைக்காத நிலையிலும் வழி உண்டு. வாய்மொழிக் குத்தகையாளரும் உழவர் கடன் அட்டை பெறத் தகுதியுடையவர்கள். 4 முதல் 10 பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தும் வங்கியை அணுகலாம். 2025 ஜனவரி முதல் 2 இலட்சம் ரூபாய் வரையிலான வேளாண்மைக் கடனுக்கு வங்கிகள் பிணையம் கேட்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்க.

பயிர் ஐயங்களுக்கு உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே விடை கிடைக்கும். வீட்டுக் கைப்பேசியை மாலையில் ஒரு மணி நேரம் பயிர் பார்க்கும் பெண்ணிடமே கொடுத்து, அவரையே பேசச் செய்க. விதைத்த நாள், பாதித்த இலையின் நிறம், முன்பு தெளித்த மருந்தின் பெயர், அடுத்த பறிப்பு நாள் ஆகியவற்றை அவரே சரியாகச் சொல்வார்.